நாஷ்வில்லில் ஒரு நாள்: காரில் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

அட்லாண்டா பக்கம் இருக்கும் எங்களுக்கு டென்னசி மாநிலத் தலைநகரான நாஷ்வில் காரிலேயே போய்வரக்கூடிய ஊர். முதல் முறை மெம்பிஸ் வரை நீண்ட ஒரு பயணத்தின் நடுவே அங்கே ஒரு நாள் நின்றோம். இரண்டாம் முறை, கும்பகோணத்திலிருந்து வந்திருந்த அம்மாவை அழைத்துக்கொண்டு போனோம். அதற்குப் பிறகு, விடுமுறைப் பேச்சு எழும்போதெல்லாம் நண்பர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

ஒரு நாள் போதுமா?

ஊரைப் பார்த்து முடிக்கப் போதாது. மனம் நிறைந்து திரும்பத் தாராளமாகப் போதும். இது காதால் பார்க்க வேண்டிய ஊர். பத்து இடங்களுக்கு ஓடினால் பத்துப் புகைப்படங்கள்தான் மிஞ்சும். மூன்று இடம் போதும், மூன்றிலும் உட்கார்ந்து கேளுங்கள். என் கணக்கு இதுதான்: காலையில் ரைமன் என்ற பழைய கச்சேரி அரங்கம், மதியம் ஸ்டூடியோ பி என்ற பழைய ஒலிப்பதிவுக் கூடம், மாலையில் யாராவது பாடுவதைக் கேட்க ஒரு நாற்காலி. இடையில் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்துக்கு அரை மணி நேரம். மற்றவை எல்லாம் நேரம் இருந்தால்தான்.

அட்லாண்டாவிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

ஏறக்குறைய 250 மைல், நான்கு மணி நேரம். 75-ஆம் எண் நெடுஞ்சாலையில் சட்டனூகா வரை, அங்கிருந்து 24-ஆம் எண். சட்டனூகாவைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நேர எல்லையைக் கடப்பீர்கள், கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னே போகும். அதனால் விடியற்காலை ஐந்துக்குக் கிளம்பினால் அங்கே எட்டுக்கே போய்விடலாம். வழியில் மான்ட்டீகிள் என்ற மலை ஏற்ற இறக்கம் உண்டு. லாரிகள் ஊர்ந்து போகும், சில காலைகளில் மேகம் சாலையிலேயே படுத்திருக்கும். அவசரப்படாதீர்கள்.

காரில் இன்னொன்றும் செய்யுங்கள். ரேடியோவில் ஏ.எம். 650-ஐ வையுங்கள். டபிள்யூ.எஸ்.எம். என்ற அந்த நிலையம் 1925-இல் ஒரு காப்பீட்டு நிறுவனம் தொடங்கியது. நாஷ்வில்லின் கதையில் பாதி அதற்குள்தான் இருக்கிறது. தெற்கே அலபாமாவிலிருந்து 65-ஆம் எண் நெடுஞ்சாலையில் வருகிறவர்கள் ஊருக்குள் நுழையும் முன்பே அதன் கோபுரத்தைப் பார்க்கலாம். வைர வடிவத்தில், 800 அடிக்கு மேல் உயரமாக, 1932-இலிருந்து நிற்கிறது.

நாஷ்வில்லுக்கு 'இசை நகரம்' என்ற பெயர் கண்ட்ரி என்ற அமெரிக்க நாட்டுப்புறப் பாணி இசையால் வந்ததுதானே?

பெரும்பாலோர் அப்படித்தான் நினைக்கிறார்கள், நானும் நினைத்திருந்தேன். 1950-இல் டபிள்யூ.எஸ்.எம். அறிவிப்பாளர் டேவிட் காப் ஒலிபரப்பில் 'மியூசிக் சிட்டி' என்று சொன்ன பிறகுதான் அந்தப் பெயர் நிலைத்தது, அது உண்மை. ஆனால் இந்த ஊரின் இசை உலகத்தின் காதில் விழுந்தது அதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்பு.

அடிமை முறை ஒழிந்த கையோடு, 1866-இல், விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்காகத் தொடங்கிய கல்லூரி ஃபிஸ்க். ஐந்தே ஆண்டுகளில் கடன் கழுத்தை நெரித்தது. கல்லூரியின் பொருளாளரும் இசை ஆசிரியருமான ஜார்ஜ் ஒயிட், ஒன்பது மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு 1871 அக்டோபர் 6 அன்று பாடிப் பணம் திரட்டக் கிளம்பினார். அவர்களில் பெரும்பாலோர் அடிமைகளாகவே பிறந்தவர்கள். அந்தச் சமயத்தில்தான் சிகாகோ நகரம் தீயில் எரிந்தது. தங்களுக்கே வழிச்செலவுக்குத் திண்டாட்டம், ஆனாலும் முதல் கச்சேரியில் சேர்ந்த ஐம்பது டாலருக்கும் குறைவான தொகையை அந்த மக்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். இதைப் படித்ததிலிருந்து ஃபிஸ்க் பக்கம் போகாமல் என்னால் அந்த ஊரை விட்டு வர முடிவதில்லை.

வயல்களிலும் குடிசைகளிலும் தங்கள் பெற்றோர் முணுமுணுத்த பக்திப் பாடல்களை அவர்கள் மேடையில் பாடினார்கள். அதுவரை வெளியார் அதிகம் கேட்டிராத பாட்டு. 1873-இல் லண்டனில் விக்டோரியா மகாராணி முன்னால் பாடினார்கள். "இவர்கள் இசை நகரத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும்" என்று மகாராணி சொன்னதாக நாஷ்வில்லில் ஒரு கதை வழங்குகிறது. கதை கிடக்கட்டும். அவர்கள் பாடிச் சேர்த்த பணத்தில் எழுந்த ஜூபிலி ஹால் என்ற செங்கல் கட்டடம் 1876-இல் திறக்கப்பட்டு, இன்றும் நிற்கிறது. நகர மையத்திலிருந்து பத்து நிமிடக் கார்ப் பயணம். இப்போதும் நடக்கும் கல்லூரி அது, மாணவர்கள் குடியிருக்கும் விடுதி, ஆகவே வெளியே நின்று பார்த்துவிட்டு வாருங்கள். பாட்டால் கட்டிய கட்டடம் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அந்த மாணவர்கள் தொடங்கிவைத்த ஃபிஸ்க் ஜூபிலி குழு இன்றும் பாடிக்கொண்டிருக்கிறது, 2021-இல் கிராமி விருதும் வாங்கியது.

எனக்குக் கண்ட்ரி இசை பரிச்சயமே இல்லை. போகலாமா?

போகலாம். சங்கீதம் தெரியாதவர்கள் தஞ்சாவூருக்குப் போவதில்லையா? கண்ட்ரி என்பது பெரும்பாலும் கதைப்பாட்டு. ஒரு ரயில், ஒரு பிரிவு, ஒரு அம்மா, வீட்டு வாசல். சொற்கள் தெளிவாகக் காதில் விழும். நாட்டுப்புறப் பாட்டில் வளர்ந்த காதுக்கு அந்நியமாகப் படாது.

ரைமன் அரங்கத்தில் கச்சேரி இல்லாத நேரத்தில் என்ன பார்ப்பது?

கட்டடத்தைப் பார்ப்பது, அதைவிட, அதன் மௌனத்தைக் கேட்பது.

டாம் ரைமன் ஆற்றில் நீராவிப் படகுகள் ஓட்டிய வியாபாரி. 1885-இல் சாம் ஜோன்ஸ் என்ற ஊழியக்காரரின் பிரசங்கத்தைக் கேட்டு மனம் மாறினார். அவருக்கென்று ஒரு பிரார்த்தனைக் கூடம் கட்டவேண்டும் என்று தீர்மானித்து, 1892-இல் கட்டி முடித்தார். 1904-இல் ரைமன் இறந்த பிறகு கூடத்துக்கு அவர் பெயரே வந்தது. பிரசங்கத்தைக் கடைசி ஆளும் கேட்கவேண்டும் என்று கட்டிய இடம். ஒலிபெருக்கி இல்லாத காலம். அதனால்தான் அது இசைக்கு இப்படிப் பொருந்திப்போனது. இருக்கைகள் இன்றும் தேவாலயத்து மரப் பெஞ்சுகளே, 2,362 பேர் உட்காரலாம்.

நாங்கள் போனபோது காலை ஒன்பதரை, கூட்டம் சேரவில்லை. அம்மா ஐந்தாவது வரிசையில் போய் உட்கார்ந்தார். பெஞ்சு மரத்தைத் தடவிப் பார்த்தார். வண்ணக் கண்ணாடி ஜன்னல் வழியாக வெயில் சாய்ந்து விழுந்திருந்தது. "பஜனை மடம் மாதிரி இருக்கிறதே" என்றார். பிறகு, யாருக்கும் கேட்கக்கூடாது என்பது போல, ஸ-ப-ஸ பிடித்தார். மாடியில் கடைசி வரிசையில் நின்றிருந்த எனக்கு அந்த 'ப' அப்படியே வந்து சேர்ந்தது.

இந்த அரங்கம் இடிபட்டிருக்க வேண்டியது. 1974-க்குப் பிறகு பாழடைந்து கிடந்தது. 1991-இல் எம்மிலூ ஹாரிஸ் என்ற பாடகி அங்கே கச்சேரி செய்து பதிவு செய்தார். கட்டடத்தின் நிலை கருதி 200 பேரைத்தான் உள்ளே விட்டார்கள். அந்தப் பதிவு மக்களின் கவனத்தைத் திருப்பியது. சீரமைத்து 1994-இல் மீண்டும் திறந்தார்கள்.

கிராண்ட் ஓல் ஆப்ரி என்பதும் ரைமனும் ஒன்றா?

இல்லை, இதில் எல்லோருக்கும் குழப்பம் வருகிறது. ஆப்ரி என்பது ஒரு வானொலி நிகழ்ச்சி. 1925 நவம்பர் 28 அன்று 77 வயது ஃபிடில் (வயலின்) கலைஞர் ஒருவரின் வாசிப்போடு தொடங்கி, நூறு ஆண்டுகளைத் தாண்டி, மேடையிலிருந்து நேரடியாக இன்னும் ஒலிபரப்பாகிறது. 1943-இலிருந்து 1974 வரை அது ரைமனில் நடந்தது. பிறகு ஊருக்கு வெளியே தனக்கென்று கட்டிய அரங்குக்குப் போனது. போகும்போது ரைமன் மேடையிலிருந்து ஆறடி அகல வட்டமாக ஓக் மரத்தை அறுத்து எடுத்துப்போய்ப் புது மேடையின் நடுவில் பதித்தார்கள். பாடகர்கள் அந்த வட்டத்தில் நின்றுதான் பாடுகிறார்கள். 2010 மே மாத வெள்ளத்தில் புது அரங்கம் மூழ்கியது. அந்த வட்டத்தை மீட்டு மறுபடியும் பதித்தார்கள். ஒரு நாள் பயணத்தில் ஆப்ரிக்குத் தனியாகப் போவது சிரமம், இரவு அங்கே தங்குகிறவர்களுக்கு மட்டும் சொல்வேன்.

டிஃபோர்ட் பெய்லி என்ற பெயரையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஹார்மோனிகாவில் ரயிலையே ஓடவைத்தவர், ஆப்ரியின் ஆரம்ப கால நட்சத்திரம், கறுப்பினத்தவர். 1941-இல் வெளியே அனுப்பிவிட்டார்கள். பிறகு ஷூவுக்குப் பாலிஷ் போடும் கடை வைத்துப் பிழைத்தார். பெரிய கலைஞர்களைக் கௌரவிக்கும் அருங்காட்சியகமான கண்ட்ரி இசைப் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்ந்தது 2005-இல், அவர் இறந்து 23 ஆண்டுகள் கழித்து. மண்டபத்தில் அவருடைய வெண்கலப் பலகையைத் தேடிப் பார்த்தேன். அதன் முன்னால் சற்று நேரம் நின்றேன்.

புகழ் மண்டபத்துக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது?

முழுதாகப் பார்க்க மூன்று மணி நேரம். ஒரு நாள்தான் என்றால் ஒன்றரை மணி நேரத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். வெளியே நின்று ஜன்னல்களைப் பாருங்கள், பியானோ கட்டைகள் போல அமைத்திருக்கிறார்கள். உள்ளே பாடகர் எல்விஸ் பிரெஸ்லியின் கார் முன்னால்தான் கூட்டம் நிற்கும்.

நான் நேரம் செலவிடுவது அதே கட்டடத்தில் இருக்கும் ஹாட்ச் ஷோ பிரின்ட் என்ற அச்சகத்தில். 1879-இலிருந்து மர எழுத்துகளைக் கையால் அச்சுக் கோர்த்துக் கச்சேரிச் சுவரொட்டிகள் அடிக்கிறார்கள், இன்றும் அப்படியே. மை வாசனை வாசலிலேயே வரும். தேய்ந்த 'ஆர்' எழுத்தின் மூலையில் இருக்கும் வெட்டுக்காயம் புதுச் சுவரொட்டியிலும் விழுகிறது, அதை யாரும் திருத்துவதில்லை.

ஸ்டூடியோ பி பார்க்க அவ்வளவு அவசியமா?

ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் என்றால், நான் இதைத்தான் சொல்வேன். புகழ் மண்டபத்தில் சேர்த்து டிக்கெட் வாங்கவேண்டும், அங்கிருந்து பஸ்ஸில் அழைத்துப்போவார்கள். நேரம் குறித்த டிக்கெட், முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

1957-இல் திறந்த ஒலிப்பதிவுக் கூடம். வெளியே இருந்து பார்த்தால் கிடங்கு மாதிரி இருக்கும். எல்விஸ் மட்டும் இங்கே 200-க்கு மேற்பட்ட பாடல்களைப் பதிவு செய்திருக்கிறார். உள்ளே ஒரு பியானோ, சில மைக்குகள், தரையில் நீல நாடாவால் ஒட்டிய ஒரு பெருக்கல் குறி. அறையில் குரல் மிக நன்றாக விழும் இடம் அது. 1960 ஏப்ரலில் ஒரு விடியற்காலை, விளக்குகளை எல்லாம் அணைக்கச் சொல்லி, இருட்டில் நின்று எல்விஸ் ஒரு பாடலைப் பாடிப் பதிவு செய்தார். வழிகாட்டி அந்தக் கதையைச் சொல்லிவிட்டு எங்களையும் இருட்டில் உட்காரவைத்து அதே பாடலை அதே அறையில் ஒலிக்கவிட்டார். பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. என் தொண்டையும் அடைத்தது.

இன்னொரு காரணம், நம்மில் சங்கீதம் படித்தவர்களுக்கு. நாஷ்வில் வாத்தியக்காரர்கள் பாட்டை எழுத ஒரு எண் முறை வைத்திருக்கிறார்கள். 1950-களின் இறுதியில் நீல் மாத்யூஸ் என்ற பாடகர் உருவாக்கியது, பிறகு சார்லி மெக்காய் போன்றவர்கள் பரப்பினார்கள். 'சி, எஃப், ஜி' என்று எழுதாமல் 1, 4, 5 என்று எழுதிவிடுவார்கள். பாடகருக்குக் குரல் இன்று எட்டவில்லை, ஒரு படி இறக்கலாம் என்றால், தாளில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. 1 எங்கே என்று தெரிந்தால் போதும். அம்மாவிடம் இதை விளக்கத் தொடங்கினேன். பாதியிலேயே புரிந்துகொண்டுவிட்டார். "ஒன்று ஸ, நாலு ம, ஐந்து ப. கட்டை மாறினாலும் ஸரிகம மாறாது, அதுதானே?" அதுவேதான். அவர்களுடையது அந்தந்த ஸ்வரத்தின் மேல் அடுக்கிய ஸ்வரக் கூட்டு, நம்முடையது தனி ஸ்வரம் என்பது மட்டுமே வித்தியாசம்.

பிராட்வே தெருவுக்குக் குழந்தைகளையும் பெரியவர்களையும் அழைத்துப்போகலாமா?

பகலில் போகலாம், இரவில் வேண்டாம். கீழ் பிராட்வேயில் வரிசையாக மதுக்கூடங்கள், ஒவ்வொன்றிலும் காலை பத்து பதினொன்றிலிருந்தே நேரடிக் கச்சேரி. பகல் வேளையில் நுழைவுக் கட்டணம் பெரும்பாலும் கிடையாது, பல இடங்களில் குழந்தைகளும் சாப்பிடலாம். இருட்டியதும் 21 வயதுக்குக் குறைந்தவர்களைப் பெரும்பாலும் விடமாட்டார்கள். இரவில் அந்தத் தெருவில் பத்துக் கச்சேரிகள் ஒன்றின் மேல் ஒன்று மோதும், எதையும் கேட்க முடியாது. பழைய பாணியில் கேட்க ராபர்ட்ஸ் வெஸ்டர்ன் வேர்ல்ட் நல்ல இடம்.

வாத்தியக்காரர்களுக்கு அங்கே வருமானத்தின் பெரும்பகுதி நாம் போடும் டிப்ஸ்தான். பாட்டு முடிந்து வாளி சுற்றிவரும்போது பார்வையைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். நான்கு மணி நேரம் இடைவெளி இல்லாமல் வாசிக்கிறார்கள்.

மேஜை மாதிரி ஒன்றை வைத்து உட்கார்ந்து வாசிக்கிறார்களே, அது என்ன வாத்தியம்?

பெடல் ஸ்டீல் கிட்டார். இடது கையில் எஃகுத் துண்டு, வலது கை விரல்களில் உறைகள், கால் மிதிகள் மேல், முழங்கால்கள் நெம்புகோல்களைத் தள்ளும். கைகால் நான்குக்கும் வேலை. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும்போது அழுகிற குரல் வரும். அம்மா அதைப் பார்த்ததுமே "கோட்டு வாத்தியம்" என்றார். தந்தி மேல் கட்டையை நகர்த்திக் கமகம் கொண்டுவருவது இரண்டிலும் ஒன்றுதான். ஃபிடில் என்பது நம் கச்சேரி வயலினேதான். பாலுசுவாமி தீட்சிதர் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்த அதே வாத்தியத்தை இவர்கள் நின்றபடி, தோளில் வைத்து, ஆட்டத்துக்கு வாசிக்கிறார்கள்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது? சைவம் கிடைக்குமா?

ஊரின் பெயர் பெற்ற உணவு ஹாட் சிக்கன். இரவு ஊர்சுற்றிவிட்டு வந்த தார்ன்டன் பிரின்ஸ் என்பவரைப் பழிவாங்க அவருடைய காதலி கோழியில் மிளகாயை அள்ளிப் போட்டதாகவும், அது அவருக்குப் பிடித்துப்போய்க் கடையே திறந்ததாகவும் சொல்வார்கள். பொரித்த பிறகு மிளகாய்த்தூளும் சூடான கொழுப்பும் கலந்த விழுதைப் பூசுகிறார்கள். வெள்ளை ரொட்டி மேல், ஊறுகாய் வெள்ளரியோடு வரும். "நாங்கள் ஆந்திரக் காரமே சாப்பிடுகிறவர்கள்" என்று உச்சக் காரத்தைக் கேட்காதீர்கள். நம் சமையலில் மிளகாய் வெந்து அடங்கியிருக்கும், இதில் அது அடங்குவதில்லை. நடுத்தரக் காரம் போதும்.

சைவர்கள் கவனமாக இருக்கவேண்டியது வேறொன்றில். 'ஒரு இறைச்சி, மூன்று காய்' என்ற தட்டுச் சாப்பாட்டுக் கடைகளில் காய்களை மட்டும் வாங்கலாம். ஆனால் பீன்ஸும் கீரையும் பன்றி இறைச்சித் துண்டோடு வேகவைத்ததாக இருக்கும், கேட்டுவிட்டு வாங்குங்கள். நாங்கள் பெட்டியில் தயிர்சாதம் எடுத்துப்போய், பார்த்தனான் இருக்கும் பூங்காவில் மர நிழலில் சாப்பிட்டோம்.

பார்த்தனானா, கிரேக்கத்தில் இருப்பதா?

அதன் முழு அளவு நகல். 1897-இல் மாநில நூற்றாண்டுக் கண்காட்சிக்காகக் கட்டி, பிறகு கான்கிரீட்டில் திருப்பிக் கட்டியது. உள்ளே 42 அடி உயர அதீனா சிலை.

கார் எங்கே நிறுத்துவது?

நகர மையத்தில் ஆள் இல்லாத கட்டண நிறுத்தங்கள் பல. கேமரா வண்டி எண்ணைப் படிக்கும், நாம் போனில் எண்ணைப் பதிந்து பணம் கட்டவேண்டும். ஓர் எழுத்தை நான் தவறாகப் பதிந்துவிட்டேன். மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு அபராதக் கடிதம் வந்தது. பதிந்ததை இருமுறை பாருங்கள், ரசீதைப் படம் எடுத்து வையுங்கள்.

இசை தவிர வேறு எதாவது?

ரைமன் நிற்கும் தெருவுக்கு, கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத் தலைவர் ஜான் லூயிஸ் பெயரை வைத்திருக்கிறார்கள். 1960-இல் அதே தெருவில், கறுப்பினத்தவருக்குப் பரிமாற மறுத்த உணவு மேஜைகளில் மாணவர்கள் போய் அமைதியாக உட்கார்ந்தார்கள். லூயிஸ் அவர்களில் ஒருவர். அடி வாங்கினாலும் திருப்பி அடிக்காமல் இருக்க அவர்களைப் பழக்கியவர் ஜேம்ஸ் லாசன். 1950-களில் நாகபுரியில் இருந்து காந்தியின் வழியைக் கற்றுவந்தவர். பொது நூலகத்தில் இதற்கென்று ஓர் அறை உண்டு, பார்க்கக் கட்டணம் இல்லை.

மெம்பிஸ் பக்கம் தொடர்ந்து போகிறவர்களுக்கு வழியிலேயே, பெல்வியூ பகுதியில் ஒரு பிள்ளையார் கோவில் இருக்கிறது.

மாலையில் எங்கே கேட்பது?

புளூபேர்ட் கஃபே. 1982-இலிருந்து நடக்கும் சின்ன இடம், தொண்ணூறு நாற்காலி. பாட்டு எழுதியவர்களே நடுவில் வட்டமாக உட்கார்ந்து, ஒவ்வொருவராக, அந்தப் பாட்டு எப்படிப் பிறந்தது என்று சொல்லிப் பாடுவார்கள். யாரும் பேசக்கூடாது. எனக்கு அருகில், கை நீட்டினால் தொடும் தூரத்தில், ஒருவர் தன் அப்பாவைப் பற்றி எழுதிய பாட்டைப் பாடிவிட்டுக் கிட்டாரைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். டிக்கெட் இணையத்தில் வந்த சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் ஸ்டேஷன் இன் என்ற இடம், ஃபிடிலும் பாஞ்சோவும் சேர்ந்த புளூகிராஸ் இசைக்கு.

இரவே திரும்பிவிடலாமா?

இரண்டு பேர் மாறி மாறி ஓட்டுவதானால் மட்டும். வரும்போது கிடைத்த ஒரு மணி நேரம் திரும்பும்போது போய்விடும். ஏழுக்குக் கிளம்பினால் அட்லாண்டாவில் நள்ளிரவு. அம்மாவோடு போன அன்று நாங்கள் அப்படித்தான் திரும்பினோம். சனிக்கிழமை. 650-இல் ஆப்ரி ஓடிக்கொண்டிருந்தது. மான்ட்டீகிள் இறக்கத்தில் லாரி விளக்குகளுக்கு நடுவே போகும்போது ஒரு ஃபிடில் தொடங்கியது. பின் சீட்டில் அம்மா தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். தொடையில் தாளம் போடும் சத்தம் கேட்டது.